முதல் பரிவட்டத்துக்கு எழுத்து ஆதாரம்

திருநகர், மதுரை.
தை மாதம், வண்டியூர் தெப்பத்துக்கு மறுநாள்.

அவனியாபுரம் டைல்ஸ் கடை உரிமையாளரும், என் பங்காளியும், இன்று முதல் என் தம்பியுமாகிய திரு. வீரணன் அவர்களுக்கு, அண்ணன் அழகுபாண்டி எழுதிக்கொள்வது.

பொருள்: குலசாமி கோயிலில் முதல் பரிவட்டம் எந்த வகையறாவுக்கு உரியது என்பது குறித்து.

பார்வை: சென்ற மாசி சிவராத்திரியன்று கோயில் வாசலில், ஊரார் முன்னிலையில், தாங்கள் வாய்மொழியாக விட்ட சவால்.

இங்கே நானும் செல்லத்தாயும் ரத்தக் கொதிப்பு நீங்கலாகச் சௌக்கியம். அங்கே தாங்களும் மதினியும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கவும், தங்கள் வலது மூட்டு சிவராத்திரிக்குள் மடங்கி நிமிரவும் குலசாமியை வேண்டுகிறேன். மூட்டு நிமிர வேண்டும் என்பதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. காரணம் கீழே வரும்.

நீங்கள் என்னைவிட ஏழு வயது மூத்தவர். உங்களுக்குச் சிறுத்துப்போன கால்சட்டையை அளவு குறைத்துத் தைத்து நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போயிருக்கிறேன். ஆகவே ‘தம்பி’ என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. ஆனால் வயது வேறு, வகையறா வேறு. வகையறாவில் இன்றைய தேதிக்கு நான்தான் மூத்தவன், கையில் காகிதம் இருக்கிறது. ‘நீங்கள்’ என்பதை மட்டும் உடனே விட முடியவில்லை. சிவராத்திரிக்குச் சாமி பெட்டி எடுக்கும் நாளுக்குள் ‘நீ’க்கு வந்துவிடுவேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் மின்வாரியத்தில் ரீடிங் எடுத்தே ரிட்டயர் ஆனவன் நான், பழைய ரீடிங் எழுதாமல் புது ரீடிங் எழுத எனக்குக் கை வராது. நம் இரண்டு வீட்டுக்கும் ஓட்டன் ஒருவர், பெயர் வீரணன். அவருக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் கருத்தக்கண்ணன், என் பூட்டன், அதாவது என் தாத்தாவைப் பெற்றவர். இன்னொருவர் முத்துக்குமரன், உங்கள் பூட்டன். இவர்களில் மூத்தவர் முத்துக்குமரன் என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்து, அதனால் உங்கள் வீடு மூத்த வகையறா, எங்கள் வீடு இளைய வகையறா என்று ஆகி, சிவராத்திரிக்குச் சாமி பெட்டி ஊரிலிருந்து கோயிலுக்கு வந்து இறங்கியதும் பூசாரி முதல் பரிவட்டத்தை உங்கள் தலையில்தான் கட்டுகிறார், கிடாய்த் தலை உங்கள் வீட்டுச் சட்டிக்குத்தான் போகிறது. எனக்கு இரண்டாவது பரிவட்டம். உங்களுக்குக் கட்டுவது பட்டுத்துணி, மூன்று சுற்று வரும். எனக்குக் கட்டுவது மிச்சத்துணி, அது நெற்றியைச் சுற்றி வருவதற்குள் முடிந்துபோகும், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால்தான் நான் இத்தனை வருஷமும் சாமி கும்பிட்டு வருகிறேன்.

அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். போன சிவராத்திரிக்கு என் மாப்பிள்ளை சித்தார்த் முதல் தடவையாக நம் கோயிலுக்கு வந்திருந்தார். அவர் சும்மா இருக்காமல், “மாமா, உங்களுக்கு ஏன் செகண்டு?” என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை கேட்ட பிறகு மாமனார் சும்மா இருந்தால் நன்றாக இருக்குமா? எங்கள் பூட்டன்தான் மூத்தவர் என்று என் அப்பா சொல்வார் என்று நானும் வாயைத் திறந்தேன். அதற்கு நீங்கள் பரிவட்டத்தைக்கூடக் கழற்றாமல், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

“ஏப்பா அழகு, வாய்ல சொன்னா ஆச்சா? எழுத்துல இருந்தாக் கொண்டா. நானே என் கையால ஒன் தலையில கட்டிவிடுறேன்.”

ஊரே சிரித்தது. பூசாரி சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை, ஆனால் செல்போனை எடுத்துப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு முடிவு செய்தேன், எழுத்தில் கொண்டுவந்து உங்கள் முன்னால் போடாவிட்டால் நான் அழகுபாண்டி இல்லை.

முதலில் நம்மூருக்கே போய்க் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தேன். பழைய நிலப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் “எந்த சர்வே நம்பர்?” என்றார். நிலம் வேண்டாம், இரண்டு பேரில் அண்ணன் யார் தம்பி யார் என்று தெரிந்தால் போதும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நிலம் வேண்டாமல் நிலப் பதிவேட்டைப் பார்க்க வந்தவனை அவர் தன் சர்வீஸில் கண்டதில்லை போலிருக்கிறது. நான் பஸ் ஸ்டாப்புக்குத் திரும்புவதற்குள், திருநகரிலிருந்து அழகுபாண்டி வந்து கண்மாய்க்கரை நிலத்தையெல்லாம் அளக்கப் போகிறார் என்று டீக்கடையில் பேச்சு. அடுத்த வாரம் போகும்போது வரப்புகளில் புதிதாகக் கல் நட்டிருந்தார்கள். கண்மாய் மடைக்குக் கீழே விவசாயம் பார்க்கிற பாண்டிமீனா என்னைக் கண்டதும் ஓடிவந்து, “பெரியப்பா, எம் புருசன் கொஞ்சம் வரப்பத் தள்ளித்தான் வெட்டிட்டாரு, நீங்க மனசுல வச்சுக்கிறாதீக” என்று ஒரு கோழியைக் கையில் திணித்துவிட்டாள். எனக்கும் அந்த வரப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், ஆனால் அது நாட்டுக்கோழி. பதிவேடும் பிறகு ஜில்லா ரெக்கார்டு ரூமில் கிடைத்தது. அதில் நம் பூட்டன்கள் இருவர் பேரிலும் கூட்டுப் பட்டா, யார் மூத்தவர் என்று ஒரு வார்த்தை இல்லை. முத்துக்குமரன் பெயர் முன்னால் இருந்தது, அதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் பாதகம் இல்லை என்பதால் சொல்கிறேன்.

அடுத்து, பிறப்புச் சான்றிதழ் எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்று தோன்றியது. இங்கே பஸ் ஸ்டாப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தமிழ்வாணி என்ற பெண்ணிடம் போனேன். பொறுமையான பெண். விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “சார், கருத்தக்கண்ணன் சாரோட ஆதார் இருக்கா?” என்றாள். அவர் இறந்து எண்பது வருஷம் ஆகிறது என்றேன். “அப்படின்னா மொதல்ல டெத் சர்டிபிகேட் எடுக்கணும் சார். அதுக்குப் பெறந்த தேதி வேணும்.” பிறந்த தேதி தெரியாமல்தானே அம்மா உன்னிடம் வந்திருக்கிறேன் என்றேன். அவள் யோசித்து, கம்ப்யூட்டரில் இருந்த கடைசி வருஷம் வரைக்கும் கீழே இறக்கிப் பார்த்தாள், அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்தோடு நின்றுவிட்டது. “சார், இதுக்குக் கீழ யாரும் பெறக்கல சார்” என்றாள். ஆகவே என் பூட்டன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் பிறந்தார் என்று போட்டு, என் செல் நம்பரைக் கொடுத்து அனுப்பினோம். சான்றிதழ் வரவில்லை, ஆனால் என் நம்பர் எங்கெங்கோ கருத்தக்கண்ணன் பேரில் பதிவாகிவிட்டது. தினமும் ஒரு பெண் கூப்பிட்டு, “கருத்தக்கண்ணன் சார் பேசுறீங்களா? உங்களுக்கு பெர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு” என்கிறாள். நானும் முதலில் விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், பிறகு அலுத்துப்போய், “அவரு வெளிய போயிருக்காரும்மா” என்று சொல்லி வைத்துவிடுகிறேன். செல்லத்தாய் அதற்கும் குறை சொல்கிறாள். “எப்ப வருவாருன்னு கேட்டா என்ன சொல்வீக?” என்கிறாள்.

இப்படி நாலு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றபோதுதான் லூர்துராஜ் கைகொடுத்தார். காலையில் என்னோடு நடக்க வருவாரே, மிஷன் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ரிட்டயர் ஆனவர், அவர்தான். அவருடைய தாத்தா நம் மேற்குப் பக்கத்து ஊர்களில் உபதேசியாராக இருந்தவராம். அந்தக் காலத்தில் மிஷன் அச்சுக்கூடத்திலிருந்து வந்த மாதப் பத்திரிகை ஒன்றை வருஷவாரியாகத் தைத்து வைத்திருக்கிறார். அட்டைகளெல்லாம் கரையான் தின்றதில் பத்திரிகையின் பெயர் போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மாதமும் வருஷமும் தெளிவாக இருக்கின்றன, ஆகவே அந்தப் பக்கமிருந்து நீங்கள் ஆட்சேபணை எதுவும் கிளப்ப முடியாது. லூர்துராஜ் நல்ல மனிதர், ஆனால் வாத்தியார். கை கழுவாமல் பக்கத்தைத் தொடக் கூடாது, எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது, டீயை பாக்கியமேரி அம்மா அடுத்த அறையில்தான் தருவார். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பக்கம்கூட விடாமல் வரிசையாகத்தான் படிக்க வேண்டும். நமக்குத் தேவையானது மழைக்காலத்துச் செய்தி என்றால் அவர் கோடைக்காலத்துப் பருத்தி விலையிலிருந்து ஆரம்பிக்கிறார். “அழகுபாண்டி, முன்ன பின்ன படிச்சாத்தான் ஒரு செய்தி முழுசாப் புரியும்” என்பார். நான் தும்மினால் தாத்தாவின் பத்திரிகையைக் காப்பாற்ற அதன்மேல் கவிழ்ந்துகொள்வார். ஒரு நாள் பொறுமை இழந்து, அவர் கை கழுவப் போயிருந்த சமயம் நானே நடுவில் பிரித்தேன்.

பிரித்த இடத்தில் என் பூட்டன் இருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம், கார்த்திகை மாதம். அப்படியே எழுதுகிறேன்: “சென்ற மாதத்துப் பெருமழையில் மேற்கேயுள்ள பெரிய கண்மாய் உடைப்பெடுத்தது. வீரணன் குமாரர் இருவரில் மூத்தவனாகிய கருத்தக்கண்ணன் என்னும் குடியானவன், மாடுகளை அவிழ்த்து விரட்டிவிட்டு, எருப்பாரத்தோடு இருந்த தன் வண்டியை உடைப்பின் வாயில் தள்ளி நீரின் வேகத்தைத் தடுத்தான். அதனால் அவ்வூர் பிழைத்தது. அவன் தம்பி முத்துக்குமரன் மண் சுமந்தான்.”

மூத்தவனாகிய. படித்தீர்களா? இன்னொரு தடவை வேண்டுமானாலும் படியுங்கள், லேமினேட் செய்த நகல் இத்துடன் இணைத்திருக்கிறேன், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. நான் போட்ட சத்தத்தில் பாக்கியமேரி அம்மா எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து ஆட்டோவுக்குப் போன் பண்ணிவிட்டார். வந்த ஆட்டோவைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், அதில் ஏறி நேரே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். பத்துக்கு எட்டு அளவில், ‘கண்மாய் காத்த கருத்தக்கண்ணன் மூத்த வகையறா வரவேற்கிறது’ என்று அடித்தாகிவிட்டது. பூட்டனுக்குப் போட்டோ கிடையாது என்பதால் என் போட்டோவையே எடுத்து, மீசையைப் பெரிதாக்கி, தலைமுடியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிட்டார்கள். ஓரத்தில் சின்னதாக நானும் இருக்கிறேன், கும்பிட்டபடி. பார்த்த செல்லத்தாய், “நீங்களே ஒங்களக் கும்புடுறீக” என்றாள். உங்கள் பூட்டன் மண் சுமந்த விஷயத்தை ஃப்ளெக்ஸில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், என் பெருந்தன்மையை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. நம் பக்கத்து வழக்கம் என்ன? மூத்த பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இளைய பிள்ளைக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். அப்படிப் பார்த்தால் ஓட்டன் வீரணனின் பெயர், மூத்தவரான கருத்தக்கண்ணனின் மகனுக்கு வந்து, ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை எங்கள் வீட்டில் அல்லவா ஓடியிருக்க வேண்டும்? நான் அல்லவா வீரணனாக இருந்திருக்க வேண்டும்? ஆனால் என் தாத்தா பெயர் அழகுபாண்டி, அது அவருடைய அம்மாவைப் பெற்றவரின் பெயர். உங்கள் வீட்டிலோ தாத்தாவும் வீரணன், நீங்களும் வீரணன். எங்கள் பெயர் உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? ஒரே காரணம்தான், உங்கள் ஆட்கள் முந்திக்கொண்டு போய்க் காது குத்தி அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பரிவட்டத்தை எடுத்ததோடு பெயரையும் எடுத்துக்கொண்டீர்கள். போகட்டும், பெயரை நான் திருப்பிக் கேட்கவில்லை. இந்த வயதில் ஆதார், ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம் எல்லாவற்றையும் மாற்ற எனக்குத் தெம்பில்லை.

ஆகவே தம்பி வீரணன் அவர்கள், வருகிற சிவராத்திரியன்று, சொன்ன சொல் மாறாமல், தம் கையாலேயே, ஊரார் முன்னிலையில், மூன்று சுற்றுப் பட்டுத்துணியை என் தலையில் கட்டிவிட வேண்டும். நான் உங்களைவிட உயரம், எட்டிக் கட்ட வேண்டியிருக்கும், மூட்டு நிமிர வேண்டும் என்று மேலே வேண்டிக்கொண்டது அதற்காகத்தான். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டார். வீடியோ எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கிடாய்த் தலையை எந்தச் சட்டியில் குழம்பு வைப்பது என்றுகூடச் செல்லத்தாயிடம் சொல்லியாகிவிட்டது. உங்கள் பேரப்பிள்ளைகள் இனி என்னைப் பெரிய தாத்தா என்று கூப்பிட வேண்டும், உங்களைச் சின்னத் தாத்தா என்று மாற்றிக் கூப்பிடப் பழக்க வேண்டும். மதினியை மட்டும் நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

கடையில் வியாபாரம் பெருகவும், வீட்டில் நோய் நொடி அண்டாதிருக்கவும், கண்மாய் நிறையவும், உடையாதிருக்கவும், மூத்தவன் என்கிற முறையில் உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
அண்ணன் அழகுபாண்டி,
மூத்த வகையறா.

பின்குறிப்பு:

அண்ணே,

கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், தேதியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று லூர்துராஜிடம் காட்டிவிட்டு வரலாம் என்று இன்று காலையில் போனேன். அந்த மனிதர் நான் பிரித்த இடத்தோடு நிற்காமல், வரிசையாகப் படித்து அடுத்த மாதத்துக்குப் போய்விட்டார். பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ வாங்கிவர உள்ளே போனார். அதையும் அப்படியே எழுதுகிறேன்:

“கண்மாய் காத்த கருத்தக்கண்ணனுக்குச் சர்க்காரிலிருந்து வெள்ளிக் காப்பு அளிக்கப்பட்டது. அவன் அதை அணியாமல், ‘வண்டியைத் தள்ளியது ஒரு க்ஷணம். விடியுமட்டும் இடுப்பளவு நீரில் நின்று மண் சுமந்தவன் என் தம்பி’ என்று சொல்லி, காப்பைத் தம்பி முத்துக்குமரன் கையில் பூட்டினான். கோயிலில் மூத்தவனென்று தனக்கிருந்த முதல் பரிவட்டத்தையும் இனி அவனுக்கே கட்டும்படி செய்தான். அத்தம்பிக்குச் சந்தானமில்லாமையால், தன் மூத்த குமாரன் வீரணனை அன்றே ஸ்வீகாரமாகக் கொடுத்தான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணே. தும்மல் என்று நினைத்து லூர்துராஜ் ஓடிவந்து பத்திரிகையை எடுத்துக்கொண்டார்.

உங்கள் தாத்தா வீரணன், என் தாத்தா அழகுபாண்டியின் கூடப்பிறந்த அண்ணன். பெயரை யாரும் திருடவில்லை, மூத்த பிள்ளை போன வீட்டுக்கு அது கூடவே போயிருக்கிறது. நீங்களும் நானும் ஒரே கருத்தக்கண்ணனின் கொள்ளுப்பேரன்கள், அதில் நீங்கள் மூத்த பிள்ளையின் வழி. எப்படிச் சுற்றி வந்தாலும் முதல் பரிவட்டம் உங்கள் தலையில்தான் வந்து நிற்கிறது. எழுத்தில் கொண்டுவா என்றீர்கள், கொண்டுவந்துவிட்டேன். நான் அழகுபாண்டிதான் என்பதும் நிரூபணம் ஆகிவிட்டது.

மேலே எழுதியதையெல்லாம் கிழிக்கப் போனேன். செல்லத்தாய் பிடுங்கிக்கொண்டாள். “கிழிக்காதீக. அவுகளும் படிச்சுச் சிரிக்கட்டும், வருசம் பூரா நாந்தான் சிரிச்சிருக்கேன்” என்றாள். ஃப்ளெக்ஸ் மொட்டைமாடியில் விரித்துக் கிடக்கிறது, அதன்மேல் மிளகாய் காய்கிறது. பூட்டன் மீசையில் மட்டும் காயப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். இந்தச் சிவராத்திரிக்குப் பூசாரி கட்ட வேண்டாம், பட்டுத்துணியை என் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நான் கட்டிவிடுகிறேன். மூட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நீங்கள் உட்கார்ந்துகொள்ளலாம். மாப்பிள்ளையிடம் வீடியோ எடுக்கச் சொன்னது சொன்னதுதான். கிடாய்த் தலையில் பாதி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

லோன்காரப் பெண் இப்போதுகூடக் கூப்பிட்டாள். கருத்தக்கண்ணன் சார் வந்துவிட்டாரா என்று கேட்டாள். “வந்துட்டாரும்மா. ஆனா அவருக்கு எதுவும் வேணாமாம். இருந்ததையும் தம்பிக்குக் குடுத்துட்டுச் சும்மா ஒக்காந்திருக்காரு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உங்கள் தம்பி,
அழகுபாண்டி.